ஆறு மணிக்குச் சாத்தும் கடை

லாரி ஓட்டுவதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முதுகுவலி என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னேன். எனக்கு முதுகுவலி இருந்ததே இல்லை. இந்த வயதிலும் தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கிறேன்.

பொருளாதாரத்தில் பி.ஏ. முடித்தவன் நான். அறுபதுகளின் நடுவில் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் மயிலாப்பூரிலிருந்து பாரிமுனை வரை நடந்தே வேலை தேடினேன். கிடைக்கவில்லை. உறவினர் ஒருவரின் ஒர்க்ஷாப்பில் வண்டி பழகியிருந்தேன். கனரக வண்டி லைசென்ஸும் எடுத்தேன். தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், பம்பாயிலிருந்து துணி பேல் ஏற்றி வருவதற்குச் சொந்தமாக இரண்டு லாரி விட்டிருந்தார். மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்று ஏறினேன். ஏழு வருடம் ஓடிவிட்டது.

தூரப் பயணத்துக்குப் போகும் வண்டியை லைன் வண்டி என்போம். லைன் வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருவன் ஓட்டும்போது மற்றவன் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்குவான். அந்த இருவரையும் ஜோடி என்று சொல்வது வழக்கம். 'உன் ஜோடி எங்கே?' என்றுதான் வழியில் டீக்கடைக்காரர்கள்கூடக் கேட்பார்கள். என் ஜோடி என்னைவிட ஆறு வயது மூத்தவன். அடையாற்றுக் கரையில் குடிசைகள் நெருங்கியிருந்த பகுதியில் வீடு. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன்; ஆனால் பெல்காமுக்கும் பூனாவுக்கும் நடுவில் எந்தப் பாலத்தில் எத்தனை பள்ளம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"இன்னா பி.ஏ., காலேஜுல ஸ்டெப்னி மாத்த சொல்லிக் குடுக்கலியா? பட்டம் மட்டும் சுத்தி வுட்டாங்களா?"

நான் புத்தகத் தமிழில் ஏதாவது சொன்னால் ஸ்டியரிங்கை விட்டு இரு கையாலும் கும்பிடுவான். "ஐயா, லாரி பயப்படுது. கொஞ்சம் மெதுவா பேசுங்க."

அவன் கண் விஷயம் எனக்குத் தெரிந்தது மூன்றாவது வருடத்தில். சாயங்காலம் ஆனால் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை ஓரம் கட்டி என்னிடம் கொடுத்துவிடுவான். தலைவலி என்பான், டீ குடிக்கணும் என்பான். முதலில் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். ஒரு நாள் சத்தாராவுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், டம்ளருக்கு நீட்டிய அவன் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய் மேசையில் தடவியது. நான் பார்த்ததை அவனும் தெரிந்துகொண்டான்.

"ஆறு மணிக்கு மேல எனக்குக் கடை சாத்திடுது நைனா," என்றான். சிரிக்கத்தான் முயன்றான்.

மாலைக்கண். சின்ன வயதில் லேசாக இருந்தது வரவர அதிகமாகியிருக்கிறது. சாந்தோம் குப்பத்திலிருந்து சுறா எண்ணெய் வாங்கிக் குடித்துப் பார்த்தான். ஈரல் சாப்பிட்டுப் பார்த்தான். பெரிய ஆஸ்பத்திரியில், பகல் வேலையாகப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பகல் வெளிச்சத்தில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. எதிரே வரும் வண்டியின் நம்பரை எனக்கு முன்னால் படிப்பான்.

அன்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ராத்திரி முழுவதும் நான் ஓட்டுவது. பகல் முழுவதும் அவன் ஓட்டுவது. அதற்கு ஈடாக தார்ப்பாய் கட்டுவது, டயர் மாற்றுவது, சமைப்பது எல்லாம் அவன். எங்கள் வண்டியில் கிளீனர் கிடையாது. இரண்டு டிரைவர் இருக்கையில் மூன்றாவது ஆள் எதற்கு என்பார் முதலாளி. ஆகவே எங்கள் ஏற்பாடு வெளியே யாருக்கும் தெரிய வழியில்லை.

"எவன்கிட்டயும் மூச்சு வுட்டுடாத. வுட்டன்னு வெச்சிக்க, நானு ஆத்தாண்ட குந்திக்கினு நண்டு புடிக்க வேண்டியதுதான்."

சொல்ல மாட்டேன் என்றேன். நாலு வருடம் சொல்லவும் இல்லை. அந்த நாலு வருடத்தில் எங்கள் வண்டி ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி மாடியில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். டிரைவர் என்றால் வீடு தர மாட்டார்கள் என்று, டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் மனைவி சொல்லியிருந்தாள். மாதத்தில் இருபது நாள் நான் இல்லாததற்கு 'இன்ஸ்பெக்‌ஷன்' என்று ஒரு காரணமும் வைத்திருந்தாள். மகளைக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வந்தோம். தந்தையின் தொழில் என்ற இடத்தில், என்னைக் கேட்காமலே, ஹெட் கிளார்க் என்று எழுதினாள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது உண்மையாக வேண்டும் என்று அவளைவிட எனக்கு ஆசையாக இருந்தது. உடம்பு முடியாமல் நான் லாரியை விடவில்லை. ஒரு வரி உண்மையாக வேண்டும் என்று விட்டேன்.

அந்த வாரமே கடையில் டிரான்ஸ்போர்ட் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் சொந்த ஊரில் கடை போடப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். முதலாளியைப் போய்ப் பார்த்தேன். அவர் தெற்கத்திக்காரர். கடையில் எல்லாரும் அண்ணாச்சி என்போம்.

"வாரும்வே, உக்காரும். என்ன, பேல் நனைஞ்சிட்டா?"

"அதெல்லாம் இல்லை அண்ணாச்சி. அந்த இடத்துக்கு என்னைப் போட முடியுமா என்று கேட்க வந்தேன்."

கணக்கு நோட்டை மூடி வைத்தார். "ஒமக்குக் குடுக்கதுல ஒண்ணுமில்ல. படிச்ச ஆளு. ஆனா வெள்ளிக்கெழம ஊருல இருந்து மச்சினன் மவன் வாரான். அவனுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்." பிறகு மேசையில் விரலால் தட்டினார். "சரி, நீரு எறங்கிட்டா அந்த வண்டிக்கு யாரு? புது டிரைவர் ஒருத்தன போடணும். புதுப்பய மலைப்பாதையில ராத்திரி ஓட்டுவானா? பழைய ஆளத்தான் ராத்திரிக்குப் போடணும். ஒம்ம ஜோடி ஓட்டிக்கிடுவாம்லா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எந்த முதலாளியும் கேட்கக்கூடிய கேள்வி. ஓட்டுவான் என்று சொன்னால், மாலைக்கண் உள்ளவனை ராத்திரியில் மலைப்பாதையில் ஏற்றியவன் ஆவேன். ஓட்ட மாட்டான் என்றால் ஏன் என்று கேட்பார். ஒரு வாரம் டைம் கொடுங்கள், அவனிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மச்சினன் மகன் வருகிறான்.

சொல்லிவிட்டேன். மாலைக்கண், நாலு வருடம், எங்கள் ஏற்பாடு, எல்லாவற்றையும் சொன்னேன். உயிர்ச்சேதம் வந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். நானே அதை நம்பினேன் என்று நினைக்கிறேன். "அவனைக் கைவிட்டுவிடாதீர்கள் அண்ணாச்சி. குடோனில் ஏதாவது..." என்று இழுத்தேன்.

"நான் பாத்துக்கிடுதேன்," என்றார். "நீரு திங்கக்கெழம வந்து உக்காரும்."

பாத்துக்கிடுதேன். அந்த ஒரு சொல்லைக் கொண்டு நான் வீடு வந்தேன். அவனுக்கு வேறு வேலை போட்டுத் தருகிறேன் என்பதுதான் அதன் பொருள் என்று எடுத்துக்கொண்டேன். என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் தெளிவாகிவிடும் என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு போனேன். அவன் ஆற்றோரம் நிழலில் உட்கார்ந்து வீட்டு ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணைப் பற்றி முதலாளியிடம் சொன்னதைச் சொல்லத்தான் போனேன். கடையில் உட்காரப் போகிறேன் என்பது வரை சொன்னேன்.

அவன் கையில் இருந்த திரியைக் கீழே வைத்தான். முகம் ஒரு கணம் விழுந்தது. உடனே சமாளித்துக்கொண்டான்.

"போ நைனா. பொண்ணு வளருதில்ல. எத்தினி நாளைக்கு நீயும் என் குறட்டை சத்தத்துல லாரி ஓட்டுவ?" பிறகு யோசித்தான். "புதுசா வர்ரவன் எப்டி ஆளுன்னு பாத்து நானே மெதுவா சொல்லிக்கிறேன். நல்ல பையனா இருந்தா ஒத்துக்குவான். நீயே பாத்து ஒர்த்தனை சேத்து வுடேன். மொதலாளிகிட்ட இன்னா சொல்லிக்கினு எறங்குன?"

"முதுகுவலி," என்றேன்.

அந்தப் பொய்யை முதன்முதலில் சொன்னது அவனிடம்தான்.

"அய்ய, எங்கிட்ட சொல்லவே இல்லியே? படுக்கச் சொல்ல பலகைல ஒரு மெத்தை போட்டுருப்பேனே," என்றான். அவன் மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டு வந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்தேன். உச்சிவெயில் நேரத்தில் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார் முதலாளி. அடையாற்றிலிருந்து சைக்கிளில் வந்திருந்தான். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "இன்னா ஆபீசரு, நாற்காலி சூடாச்சா?" என்று கண்ணடித்தான்.

கடைக்குப் பின்னால் குடோன். ஜன்னல் கிடையாது. முதலாளி முன்னமே விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தார். கடை ஆட்கள் நாலைந்து பேர் உள்ளே நின்றிருந்தார்கள்.

"ஏல, கடைசி வரிசையில பச்சைத் துணி சுத்துன கட்டு ஒண்ணு கெடக்கு. எடுத்துட்டு வா பாப்போம்."

"லைட்டு போடச் சொல்லுங்க மொதலாளி."

"கரண்டு இல்ல. இந்தா, இவனுவ எல்லாம் உள்ள வேல பாக்கானுவள்லா?"

அவன் உள்ளே போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன். நாலடி போனதும் பேல் ஒன்றில் முழங்கால் இடித்தது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். யாரோ சிரித்தார்கள். "அங்கிட்டு இல்ல, இங்கிட்டு" என்று ஒருவன் குரல் கொடுத்தான். குரல் வந்த பக்கம் திரும்பி ஓர் ஆளின் நெஞ்சிலேயே கை வைத்தான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அவன் வெளியே வந்தான். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னான்: "வேகாத வெயில்லேந்து உள்ள வந்தா எவனுக்குத்தான் தெரியும்? அவங்க உள்ளியே கீறாங்க, அவங்களுக்குப் பயகிப் போச்சு. பி.ஏ., நீ சொல்லேன்."

அவன் சொன்னது முழுக்க நியாயம். அது சோதனையே அல்ல. நல்ல கண் உள்ள நான் அந்த நேரத்தில் உள்ளே போயிருந்தாலும் பேலில் இடித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். வெளிச்சம் கண்ணை என்ன செய்யும் என்று ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரியாதா? புடவை எடுக்க வரும் பெண்களை, 'டியூப் லைட்ல பாக்காதீங்கம்மா, வாசல்ல கொண்டுபோய் பாருங்க' என்று தினமும் அனுப்புகிறவர்கள்தானே. பி.ஏ. படித்த ஒருவன் அதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"அவரு என்னத்தச் சொல்லணும்?" என்றார் முதலாளி. "அவருதாம்ல ஏற்கெனவே சொல்லிட்டாரே."

அவன் உடனே புரிந்துகொள்ளவில்லை. முதலாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடுப்பிலிருந்து லாரிச் சாவியை எடுத்தான். வண்டிச் சாவி இனி டிரான்ஸ்போர்ட் கிளார்க்கிடம்தான் தர வேண்டும். அந்தக் கிளார்க் நான். என் மேசைக்கு வந்து வைத்தான்.

"பின்னாடி எடது பக்கம் உள்டயரு காத்து எறங்கிக்கினு கீது," என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "அப்பறம், நேத்து வந்தியே. எங்கிட்ட சொல்ட்டு அவருகிட்ட சொல்லிருக்கலாம்ல? நானே வந்து சொல்லிருப்பேனே."

போய்விட்டான்.

சாயங்காலம் முதலாளியிடம் கேட்டேன். "பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னீர்களே அண்ணாச்சி?"

"பாத்தேன்லா? பொறவென்ன?" என்றார். நிஜமாகவே அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. "சொன்ன ஒடனே நிப்பாட்டாம, கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான நிப்பாட்டினேன்? இந்த நியாயம் வேற எந்த மொதலாளிகிட்ட இருக்கு?"

என்னை ஏமாற்றிவிட்டார் என்று மனம் கொதித்தது. அந்தக் கொதிப்பு எனக்கு வெகுகாலம் உதவியது. ஏமாற்றப்பட்டவனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. வேறு எதையும் எண்ணிப் பார்க்க வேண்டாம். முதலாளி துரோகம் செய்துவிட்டார், நான் என்ன செய்ய என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கொதித்த நான் மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சரியாக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

லாரி வட்டாரத்தில் செய்தி ஒரு வாரத்தில் பரவிவிட்டது. யாரும் அவனுக்கு வண்டி தரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி மயிலாப்பூரில் என் வீட்டைத் தேடி வந்தாள். வாசல்படி தாண்டி உள்ளே வர மறுத்து நின்றாள்.

"அண்ணா, நான் வந்தது அதுக்குத் தெரியாது. உங்க பேச்சை எடுத்தாலே எயுந்து வெளிய போயிடுது. இன்னா சண்டையோ. நீங்க இங்கிலீசுல நல்லா எய்துவீங்களே, மொதலாளிக்கு ஒரு லெட்டர் எய்திக் குடுங்க. ராத்திரி வாணாம், பகல்ல ஊருக்குள்ள ஓட்டுற வேன் இருந்தாலும் போதும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எந்தப் பாவி போட்டுக் குடுத்தான்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது. நீங்களாச்சும் வெசாரிச்சு சொல்லுங்கண்ணா."

போட்டுக் கொடுப்பது என்றால் காட்டிக் கொடுப்பது. என் மனைவி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விசாரிக்கிறேன் என்று சொன்னேன்.

அன்றே கடிதம் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் எழுதியதில்லை. மறுநாள் மற்றத் தபால்களோடு முதலாளி மேசையில் வைத்தேன். அவருக்கு ஆங்கிலம் வராது. எல்லாக் கடிதத்தையும் நான்தான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். என் கடிதத்தை நானே படித்துச் சொன்னேன்.

கேட்டுவிட்டுக் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். அவரும் கல்மனசுக்காரர் அல்ல. "வேனுக்கு ஆள் இருக்குவே," என்றார். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். நீரு மறுபடி லைன்ல ஏறும். ராத்திரி நீரு, பகல் அவன். நாலு வருசமா ஓடுன மாதிரி ஓடட்டும். நான் கண்டுக்கிடல. இங்க மச்சினன் மவன் வந்து உக்காரட்டும். ஒமக்குச் சம்மதமா?"

இத்தனை தெளிவாக ஒருவனுக்குக் கதவைத் திறந்து காட்ட முடியாது. அவன் இடம் அவனுக்குத் திரும்பக் கிடைக்க நான் ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மாதம்தான் மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது.

"யோசித்துச் சொல்கிறேன் அண்ணாச்சி," என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து அவள் மறுபடியும் வந்தாள். மத்தியான நேரம். அதற்குள் அவன் மார்க்கெட்டில் வாடகைக்கு ஒரு மூன்று சக்கர வண்டி எடுத்துக் காய்கறி மூட்டை மிதிக்க ஆரம்பித்துவிட்டான் என்றாள். பம்பாய் வரை போன காலு, பட்டினப்பாக்கம் தாண்ட மாட்டேங்குது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கேட்டாள்.

"மொதலாளி இன்னா சொன்னாருண்ணா?"

"எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்மா," என்றேன். "ஒத்துக்கொள்ளவில்லை."

அவள் தலையை ஆட்டினாள். "போவுது வுடுங்க. எங்களுக்காக அவ்ளோ பெரிய ஆளாண்ட போய் பேசினீங்களே, நீங்க ஒர்த்தராச்சும். அதாண்டயும் சொல்லுவேன், சண்டைய வுடுன்னு."

சொல்ல வேண்டாம் என்றேன். சொல்லாமல் எப்படி, நீங்க செஞ்ச உதவியை என்றாள். அடையாறு வரை கால் வலிக்க அவள் நடந்து போக வேண்டாம், பஸ் ஏற்றிவிடலாம் என்று தெற்கு மாட வீதி முனை வரை கூடப் போனேன். பஸ் வர வெகு நேரம் ஆயிற்று. நாங்கள் இருவரும் நிழலில் நின்றோம். அவள் என் மகளின் பள்ளியைப் பற்றி விசாரித்தாள், நான் பதில் சொன்னேன். பஸ் வந்தது. ஏற்றிவிட்டேன்.